சொகுசாக எழுதலாம், சுணங்காமல் ஓட வேண்டும்: சிறு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

புரோகிராம் எழுதுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. "எழுதச் சுலபமாக இருந்தால் போதும், மெஷின் பார்த்துக்கொள்ளும்" என்பது ஒரு கட்சி. முதல் வரியிலேயே மைக்ரோசெகண்ட் எண்ணத் தொடங்குவது இன்னொரு கட்சி. தென்காசிப் பக்கம் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிற எனக்கு இரண்டுமே ஒத்துவருவதில்லை. முதல் கட்சிக்காரர் எழுதியது ஓணத்துக்கு முந்தின வாரம் திணறும். இரண்டாம் கட்சிக்காரர் எழுதியது அடுத்த ஓணத்துக்குத்தான் கைக்கு வரும்.

வசதி கேட்கும் விலை எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. பெரும்பாலான வரிகளில் அது கிட்டத்தட்ட இலவசம். ஒரு லூப்புக்குள் திரும்பத் திரும்ப ஓடும்போதும், டிஸ்க்கையோ நெட்வொர்க்கையோ தொடும்போதும்தான் அது பில் நீட்டும். அந்த இடங்களைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் கை வைப்பது எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு கடையை வைத்துக்கொள்வோம். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. விவசாயிகள் கத்தரி, வெண்டை, முருங்கை, சின்ன வெங்காயம் கொண்டுவருவார்கள். ஏலம் நடக்கும். கேரள வியாபாரிகள் வாங்கி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் ஏற்றுவார்கள். மென்பொருளின் வேலை மூன்று: விவசாயிக்குச் சிட்டை, வியாபாரிக்குப் பில், இருவருக்கும் பேரேடு. பைதான் மொழி, ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், கல்லாவில் ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு மூன்று போன்கள். கடை கற்பனைதான். சிக்கல்கள் இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

1. யாருடைய வசதி என்று கேளுங்கள்

வசதி என்றதும் நமக்கு நம் வசதிதான் நினைவுக்கு வரும். குறைந்த வரிகள், பழகின மொழி, ரெடிமேட் லைப்ரரி. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிக்கு வசதி என்றால் வேறு: பெயரில் இரண்டு எழுத்து அடித்ததும் ஆள் வர வேண்டும், என்டர் தட்டியதும் பில் வர வேண்டும். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், இரண்டு வருஷம் கழித்து இந்தப் புரோகிராம் கோடைத் திறக்கப் போகிறவர். அது நீங்களாகவே இருக்கலாம்.

அண்ணாச்சியின் வசதிக்குப் பெயர்தான் வேகம். ஆகவே வசதியா வேகமா என்று நாம் அடித்துக்கொள்வது பெரும்பாலும் நம் வசதிக்கும் அவர் வசதிக்கும் நடுவே உள்ள வழக்கு. அதில் தீர்ப்பு அவர் பக்கம் சாய வேண்டும். ஆனால் அவர் கண்ணில் படாத இடத்தில் வேகத்துக்காக நாம் படும் பாடு யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

2. 'வேகம்' என்பதை எண்ணாக எழுதி வையுங்கள்

"ஃபாஸ்ட்டா இருக்கணும்" என்பது தேவை ஆகாது. எண் வேண்டும். மனிதர்கள் திரையின் முன் எவ்வளவு பொறுப்பார்கள் என்பதற்குப் பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் பரவலாக்கிய மூன்று எல்லைகள் இன்றும் உதவும். 0.1 நொடிக்குள் நடந்தால் உடனே நடந்த மாதிரி தோன்றும். 1 நொடி வரை யோசனை அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும்.

நம் கடைக்கு இப்படி எழுதலாம். பெயர் தேடல் 0.1 நொடி. பில் சேமித்து பிரிண்டருக்கு அனுப்புவது 1 நொடி. ஒரு வியாபாரியின் மாதப் பேரேடு 3 நொடி. வருஷக் கணக்கு ரிப்போர்ட் 10 நொடி, கூடக் கொஞ்சம் ஆனாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த எண்களோடு இன்னும் இரண்டு விஷயம் சேர வேண்டும். எந்த மெஷினில், எவ்வளவு பளுவில்? உங்கள் புது லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி. கல்லா கம்ப்யூட்டரில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கலாம், ராம் 4 ஜிபி இருக்கலாம், பின்னால் ஆன்டிவைரஸ் ஓடலாம். அளவு அங்கேதான். பளுவுக்கு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையை எடுக்காதீர்கள். ஆவணியில் ஓணத்துக்கு முந்தின நாட்களை எடுங்கள். வண்டி வரிசையாக நிற்கும்போது பில் ஒன்றுக்கு இரண்டு நொடி கூடினால் அத்தனையும் கடைசி வண்டிக்காரர் தலையில் சேரும், அவர் தாமதமாகப் புளியரை செக்போஸ்ட்டைத் தொடுவார்.

3. பின்னால் மாற்ற முடியாததை முன்னால் முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். மெதுவான ஃபங்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். லட்சம் பில் சேர்ந்த பிறகு தரவின் வடிவத்தைத் திருத்துவது நரகம். இங்கே எடுக்கும் சரியான முடிவு பல நேரம் வசதியையும் வேகத்தையும் சேர்த்தே தரும்.

முதலில் பணம். ஃப்ளோட்டில் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வைக்காதீர்கள், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பைதானில் தசமத்தைப் பிசகில்லாமல் தாங்கும் டெசிமல் வகை இருக்கிறது, 3.3 பதிப்பிலிருந்து அது சி மொழியில் எழுதப்பட்டது, வேகத்துக்கும் குறைவில்லை. ஆனால் எஸ்க்யூலைட்டுக்கு டெசிமல் என்று தனி வகை கிடையாது. ஆகவே முழு எண்தான் என் தேர்வு: பணம் பைசாவில், எடை கிராமில். கூட்டல் டேட்டாபேஸுக்குள்ளேயே பிசிறில்லாமல் நடக்கும். பிரவுசருக்குப் போனாலும் கவலை இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் பிழையின்றித் தாங்கும் முழு எண் எல்லை பைசாவில் கணக்கிட்டாலே சுமார் 90 லட்சம் கோடி ரூபாய். எந்த மண்டிக்கும் போதும்.

ஒரு வரியைக் கிட்டத்தில் பாருங்கள். வெண்டைக்காய் 37 கிலோ 250 கிராம், கிலோ ரூ. 28.50. கிராமையும் பைசாவையும் பெருக்கினால் 37,250 × 2,850 = 10,61,62,500. ஆயிரத்தால் வகுத்தால் 1,06,162.5 பைசா. அந்த அரைப் பைசாவை என்ன செய்வது? பைதானின் ரவுண்ட் ஃபங்ஷன் பாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும், ரூ. 1,061.62 வரும். கணக்குப்பிள்ளை கையில் போட்டால் பாதியை மேலே தள்ளி ரூ. 1,061.63 என்பார். பெருக்கிய தொகையோடு 500 கூட்டி, 1,000-ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டால் அவர் விடை வந்துவிடும். அதை ஒரே ஒரு ஃபங்ஷனாக எழுதி எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள். மாதக் கடைசியில் ஒரு பைசா இடிக்கிறது என்று யாரும் போன் பண்ண மாட்டார்கள்.

அடுத்தது பெயர். எல்லைப் பக்கத்துக் கடைகளில் இது தனிச் சிக்கல், ஏனென்றால் விவசாயி பெயர் தமிழில் இருக்கும், வியாபாரி பெயர் சில நேரம் மலையாளத்தில் இருக்கும்.

"தம்பி, கொல்லத்துக்காரர் பேரு ரெண்டு தடவை வருது. எந்தக் கணக்குல ஏத்த?"

"ரெண்டுலயும் பாக்கி இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கே. அதான கேக்கேன்."

திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். உள்ளே வேறு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் குறியெண் தரும் முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வும் ஒகரக் குறியும் என இரண்டு குறியெண்கள், அல்லது க, எகரக் கொம்பு, கால் என மூன்று குறியெண்கள். கீபோர்டைப் பொறுத்து எது வேண்டுமானாலும் வரலாம். மலையாளத்தில் சில்லெழுத்துகளுக்கு (உயிர் சேராமல் தனித்து நிற்கும் மெய்யெழுத்து வடிவங்கள்) யூனிகோட் 5.1 பதிப்பில் (2008) தனிக் குறியெண்கள் வந்தன. அதற்கு முந்தின முறையில், மெய்யும் சந்திரக்கலையும் (நம் புள்ளி மாதிரியான குறி) கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியும் சேர்ந்து எழுதப்பட்ட பெயர்கள் பழைய பட்டியல்களில் இன்னும் கிடக்கின்றன. கம்ப்யூட்டருக்கு இவை வேறு வேறு ஆட்கள்.

தமிழ்ச் சிக்கலை யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் (பல விதமாக எழுதியதை ஒரே வடிவமாக்குவது) தீர்க்கும். மலையாளச் சில்லெழுத்துக்கு அது போதாது, பழையதைப் புதியதாக மாற்றும் சிறு அட்டவணை ஒன்றை நீங்களே வைக்க வேண்டும். இதை எங்கே செய்வது என்பதில்தான் நம் விஷயம் வருகிறது. ஒவ்வொரு ஒப்பீட்டின்போதும் இரண்டு பெயரையும் இயல்பாக்கி ஒப்பிடுவது எழுத வசதி, ஆனால் ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் பட்டியல் முழுவதையும் அரைக்கும். பெயர் உள்ளே நுழையும் வாசலிலேயே ஒரு தடவை இயல்பாக்கி, 'தேடல் பெயர்' என்று தனி நெடுவரிசையில் வையுங்கள். அவர்கள் அடித்தது அடித்தபடி இன்னொன்றில் இருக்கட்டும், பில்லில் அது அச்சாகும். தேடல் பெயரில் இடைவெளி, புள்ளி, முதலெழுத்து எல்லாவற்றையும் நீக்கிவிடலாம்.

நீளத்திலும் கவனம் தேவை. யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட். 'கு' பார்க்க ஒரு எழுத்து, உள்ளே 2 குறியெண், 6 பைட். பிரிண்டரில் பத்தி நேராக நிற்க வேண்டும் என்று குறியெண்ணை எண்ணி வெட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகும். தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் பில்லைப் படமாக அனுப்புவதே நிம்மதி. கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், 1 நொடிக்குள் வந்தால் அதோடு விடுங்கள்.

4. அப்புறம், வசதியாக எழுதுங்கள்

வடிவம் முடிவான பிறகு மனசாரச் சொகுசாக எழுதலாம். பழகின மொழி, பழகின லைப்ரரி, ஓஆர்எம் (டேட்டாபேஸ் வரிகளைக் கோடில் நேரடியாகக் கையாளவிடும் லைப்ரரி) எதற்கும் கூச்சம் வேண்டாம். "அவசர வேக மேம்பாடே எல்லாத் தீமைக்கும் வேர்" என்ற பொருளில் கணினியியல் அறிஞர் டொனால்ட் கனூத் 1974-ல் எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே இடத்தில் அவர் சொன்ன மீதியை விட்டுவிடுவார்கள்: சின்னச் சின்னச் சேமிப்புகளை 97 சதவீத நேரம் மறந்துவிட வேண்டும், ஆனால் முக்கியமான அந்த 3 சதவீதத்தில் வாய்ப்பை நழுவவிடக் கூடாது. முன்பாதியை மட்டும் சொல்லிச் சோம்பேறித்தனத்துக்குக் கவசமாக்குகிறவர்களை நான் நம்புவதில்லை.

எழுதும்போதே பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. செலவே இல்லாமல் கிடைக்கும் வேகத்தை விடாதீர்கள். 20,000 சிட்டை வரிகளை ஓட்டும்போது ஒவ்வொன்றுக்கும் 5,000 பேர் கொண்ட லிஸ்ட்டில் ஆளைத் தேடினால், மோசமான நிலையில் 10 கோடி ஒப்பீடு. அதே பட்டியலை டிக்ஷனரியாக (குறியைக் கொடுத்ததும் நேராக ஆளை எடுக்கும் அமைப்பு) வைத்தால் 20,000 தேடலோடு முடிந்தது. எழுதும் வரிகள் ஒன்றும் கூடவில்லை, படிக்க இன்னும் தெளிவு. இதை அவசர மேம்பாடு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். எழுத்துச் சரத்தை எப்படி ஒட்டுவது, எந்த லூப் வகை வேகம் போன்ற வம்புகளில் மட்டும் இறங்க வேண்டாம்.

5. தொடும் முன் அளங்கள்

மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்ததும் கை தன்னால் சந்தேகப்படும் இடத்துக்குப் போகும். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தப்பு. கணக்குப் போடும் இடத்தைச் சந்தேகிப்போம், நேரமெல்லாம் டிஸ்க்கில் போயிருக்கும்.

கருவிகள் எளியவை. பைதானோடு வரும் சி-புரொஃபைல் எந்த ஃபங்ஷன் எத்தனை தடவை கூப்பிடப்பட்டது, எவ்வளவு நேரம் தின்றது என்று சொல்லும். அதில் நேரத்தைப் பார்க்கும் முன் 'எத்தனை தடவை' என்ற பத்தியைப் பாருங்கள். 15 வரி பில்லுக்கு ஒரு ஃபங்ஷன் 3,000 தடவை ஓடியிருந்தால் திருடன் அகப்பட்டான். ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் நேரம் வேண்டுமென்றால் பைதானின் துல்லியக் கடிகாரமான பெர்ஃப் கவுண்டர் போதும். டேட்டாபேஸ் பக்கம், கியூரிக்கு (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) முன் 'எக்ஸ்ப்ளெய்ன் கியூரி பிளான்' சேர்த்து ஓட்டுங்கள். எஸ்க்யூலைட் 'ஸ்கேன்' என்று சொன்னால் முழு டேபிளையும் வரிவரியாகப் புரட்டுகிறது என்று பொருள். 'சர்ச்' என்று சொல்லி இண்டெக்ஸ் (புத்தகத்தின் சொல்லடைவு மாதிரி) பெயரையும் காட்டினால் நேராக இடத்துக்குப் போகிறது.

அளக்கும்போது நிஜ அளவுத் தரவு வேண்டும். பத்துப் பேர் இருக்கும் டெஸ்ட் டேட்டாபேஸில் எல்லாமே பறக்கும். மூன்று வருஷத்துக்கான சிட்டைகளைப் பொய்யாக உருவாக்கி நிரப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அதைவிட நல்ல முதலீடு கிடையாது. சராசரியை நம்பாதீர்கள். நூறு பில்லில் 95 பறந்து 5 மட்டும் நான்கு நொடி எடுத்தால் சராசரி அழகாக இருக்கும், அண்ணாச்சி அந்த ஐந்தை மட்டும்தான் ஞாபகம் வைத்திருப்பார். கம்ப்யூட்டர் போட்டதும் வரும் முதல் பில்லைத் தனியாக அளங்கள். டிஸ்க்கிலிருந்து நினைவகத்துக்கு எதுவும் வந்திராத நேரம் அது.

கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-ல் இணைக் கணிப்பைப் (பல புராசஸர்களை ஒரே நேரத்தில் ஓட்டுவது) பற்றிச் சொன்ன தர்க்கம் இங்கேயும் பொருந்தும். மொத்த நேரத்தில் 5 சதவீதம் எடுக்கும் பகுதியை முழுசாக ஒழித்துக்கட்டினாலும் மிச்சம் 95 சதவீதம் அப்படியே நிற்கும். ஒரு வாரம் உட்கார்ந்து அதைச் செதுக்குவதற்கு முன் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பாருங்கள்.

6. வழக்கமான குற்றவாளிகள்

அளந்தால் பெரும்பாலும் இவர்களில் ஒருவர்தான் சிக்குவார்.

*வரிக்கு ஒரு கமிட்.* ஓஆர்எம் வைத்து எழுதும்போது ஒவ்வொரு வரியையும் 'சேவ்' செய்வது சுகமாக இருக்கும். ஜாங்கோ போன்ற பைதான் கட்டமைப்புகளில் நீங்கள் வேறு மாதிரி சொல்லாவிட்டால் ஒவ்வொரு சேவும் தனி டிரான்ஸாக்ஷன் (முழுதாகப் பதிவாகும், அல்லது அறவே பதிவாகாத தொகுப்பு); அதை முடித்துப் பதிவதுதான் கமிட். ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனும் தரவு டிஸ்க்கில் உண்மையிலேயே பதிந்துவிட்டதா என்று காத்திருக்கும். நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் நொடிக்கு 120 தடவைதான் சுழலும். அதனால்தான் எஸ்க்யூலைட் தரப்பே, சாதாரண கம்ப்யூட்டரில் நொடிக்கு 50,000-க்கு மேல் வரிகளைச் சேர்க்க முடியும், ஆனால் இப்படிப்பட்ட டிஸ்க்கில் டிரான்ஸாக்ஷன்கள் நொடிக்குச் சில டஜன்தான் என்று சொல்கிறது. 15 வரி பில்லை 15 கமிட்டாக எழுதினால் கால் நொடிக்கு மேல் அங்கேயே போகும். முழு பில்லையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் போடுங்கள். ஜாங்கோவில் 'அட்டாமிக்' என்று ஒரு வரி. வேகத்தைவிடப் பெரிய லாபம், நடுவில் கரண்ட் போனால் பாதி பில் நிற்காது.

இதோடு சேர்த்து 'வால்' முறையை (மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதுவது) இயக்கச் சொல்வேன். 2010-ல் வந்த 3.7.0 பதிப்பிலிருந்து எஸ்க்யூலைட்டில் அது இருக்கிறது. ஒருவர் பில் எழுதும்போது இன்னொருவர் பேரேடு பார்க்கலாம், ஒருவரை ஒருவர் தடுக்க மாட்டார்கள். அதே மூச்சில் பலர், தரவு டிஸ்க்கில் பதியும்வரை எவ்வளவு காத்திருப்பது என்பதைத் தீர்மானிக்கும் 'சின்க்ரனஸ்' அமைப்பை 'நார்மல்' ஆக்கச் சொல்வார்கள். வேகம் கூடும், கோப்பும் கெடாது. ஆனால் கரண்ட் போனால் கடைசியாகச் சேமித்த சில பதிவுகள் காணாமல் போகலாம். அச்சடித்த பில் வியாபாரி பையில் ஆரியங்காவு தாண்டிப் போயிருக்கும், நம் பேரேட்டில் இருக்காது. ஆகவே பில் எழுதும் டேட்டாபேஸுக்கு 'ஃபுல்' தான் என் கட்சி. ஏல விலைப் பட்டியல், ரிப்போர்ட் போன்ற, மறுபடி உருவாக்கக்கூடிய தரவுக்கு 'நார்மல்' தாராளமாகப் போதும்.

*ஒன்றுக்குப் பின் நூறு கியூரி.* 200 சிட்டைகளை எடுக்க ஒரு கியூரி. அப்புறம் ஒவ்வொரு சிட்டையின் விவசாயி பெயரைக் காட்ட ஆளுக்கொரு கியூரி, ஆக 201. கோடில் பார்த்தால் 'சிட்டை புள்ளி விவசாயி புள்ளி பெயர்' என்று அப்பாவியாக இருக்கும். டேட்டாபேஸ் அதே மெஷினில் எஸ்க்யூலைட்டாக இருக்கும்வரை இது அவ்வளவு வலிக்காது, நெட்வொர்க் பயணம் இல்லையே. அதே கோடை மும்பையில் இருக்கும் கிளவுட் சர்வருக்கு மாற்றுங்கள். போய்வர 30 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும் 200 தடவைக்கு 6 நொடி. ஜாங்கோவில் 'செலக்ட் ரிலேட்டட்', 'ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்' இரண்டும் இதற்காகவே இருக்கின்றன. ஓஆர்எம்-ஐத் தூக்கி எறிய வேண்டாம், அது என்ன கியூரி எழுதுகிறது என்பதை மட்டும் லாக்கில் போட்டுப் பாருங்கள்.

*இண்டெக்ஸ் இல்லாமை.* வியாபாரி எண்ணும் தேதியும் சேர்ந்த ஒரு இண்டெக்ஸ் பேரேட்டுக்குப் போதும். அதற்காகக் கண்ட நெடுவரிசைக்கெல்லாம் போடாதீர்கள். ஒவ்வொரு இண்டெக்ஸும் ஒவ்வொரு பில்லின்போதும் எழுதப்பட வேண்டும். பெயர் தேடலில் ஒரு பொறி: எஸ்க்யூலைட்டில் 'லைக்' தேடல் (பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடுவது) இயல்பான நிலையில் சாதாரண இண்டெக்ஸைப் பயன்படுத்தாது, 'நோகேஸ்' (ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்தை ஒன்றாகப் பார்க்கும்) முறையில் போட்ட இண்டெக்ஸ் வேண்டும். பெயரின் நடுவில் தேடினால் எந்த இண்டெக்ஸும் உதவாது.

ஆனால் நம் கடையில் மொத்தம் ஐயாயிரம் பெயர்தான். காலையில் எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றி வைத்து லூப் போட்டுத் தேடினாலே பழைய மெஷினிலும் 0.1 நொடிக்குள் முடியும். முட்டாள்தனமாகத் தோன்றும் இந்த வழிதான் இங்கே சரி. தேடல் எஞ்சின் எதுவும் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.

7. கேஷ் (கணக்கிட்ட விடையைச் சேமித்து வைப்பது) வைப்பதற்கு முன் பேரேட்டைப் பாருங்கள்

வியாபாரியின் பாக்கி எவ்வளவு என்பது நாள் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி. ஒவ்வொரு தடவையும் ஆதியிலிருந்து கூட்டுவது மெது. பாக்கியை ஒரு இடத்தில் எழுதி வைத்து ஒவ்வொரு பில்லுக்கும் திருத்துவது வேகம். ஆனால் மண்டியில் நேற்றைய சிட்டை இன்று வரும், கழிவு போன வாரத் தேதியில் போடப்படும், செக் திரும்பும். எழுதி வைத்த பாக்கி எங்கோ ஒரு இடத்தில் திருத்தப்படாமல் போகும், அதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளைகள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள்: முன் இருப்பு. மாதம் முடித்ததும் இருப்பைக் கட்டி எடுத்து, அடுத்த மாதத்தின் தலையில் எழுதுவார்கள். அதையே செய்யுங்கள். முடித்த மாதத்தின் இருப்பைச் சேமித்து வைக்கவும், நடப்பு மாதத்தை மட்டும் அப்போதைக்கு அப்போது கூட்டவும். முடித்த மாதத்தில் யாராவது கை வைத்தால் அந்த மாத இருப்பையும் அதற்குப் பின் வந்த மாத இருப்புகளையும் அழித்துவிட்டு மறுபடி கட்டட்டும். கேஷ் எப்போது செல்லாது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கேஷ் வேண்டாம்.

8. வேகமான பகுதிக்கு வேலி போடுங்கள்

அளந்து, கண்டுபிடித்து, இந்த இடத்தை அசிங்கமாக எழுதினால்தான் வேகம் வரும் என்று முடிவாகிவிட்டதா? சரி. அந்த அசிங்கம் ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கட்டும். வெளியிலிருந்து பார்க்க அதே உள்ளீடு, அதே விடை. பழைய மெதுவான வடிவத்தை அழிக்காமல் டெஸ்ட்டில் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே தரவைக் கொடுத்து விடை ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

உதாரணமாக, பல வருஷ ஏல விலைகளை வைத்து எந்தக் காய் எந்த வாரம் ஏறும் என்று பார்க்க வேண்டும், 10 லட்சம் எண்கள். 64 பிட் பைதானில் ஒரு சாதாரண முழு எண் 28 பைட், அதைச் சுட்டும் லிஸ்ட் இடம் 8 பைட். ஆக லிஸ்ட்டாக வைத்தால் சுமார் 36 எம்பி. 8 பைட் எண்கள் அடுக்கிய அரேயாக வைத்தால் 8 எம்பி. 4 ஜிபி மெஷினில், இப்படிப் பத்துப் பத்தி சேரும்போது, இந்த வித்தியாசம் தெரியும். 'நம்பை' என்ற பைதான் கணக்கு லைப்ரரி இதைத்தான் செய்கிறது: எண்களை நெருக்கமாக அடுக்கி, லூப்பை சி-க்குள் ஓட்டுகிறது.

அதற்கும் முன் ஒரு கேள்வி. இந்த எண்களை பைதானுக்குக் கொண்டுவரவே வேண்டுமா? வாரச் சராசரிதான் வேண்டுமென்றால் வாரம் வாரமாகத் தொகுக்கும் 'குரூப் பை' கட்டளை போட்டு டேட்டாபேஸிடமே கேளுங்கள், 10 லட்சம் வரிக்குப் பதில் சில நூறு வரி வரும். ரஸ்ட், சி போன்ற வேகமான மொழிகளில் எழுதக் கிளம்பும் முன் இதைச் செய்து பார்த்தால் பெரும்பாலும் கிளம்ப வேண்டியிருக்காது. அப்படியே கிளம்பினாலும், எல்லையைக் கடப்பதைக் குறையுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பைதானிலிருந்து ரஸ்ட்டுக்குப் போய்வந்தால் சம்பாதித்தது முழுக்கப் போக்குவரத்துச் செலவிலேயே போகும். மொத்தமாகக் கொடுத்து மொத்தமாக வாங்க வேண்டும்.

9. மலைப்பாதையில் சிக்னல் கிடையாது என்று எழுதுங்கள்

வண்டி ஏற்றியதை டிரைவரோ கூட வருகிறவரோ போனில் பதிவார், இறக்கும் இடத்தில் எடைக் குறைவு இருந்தால் அதையும் பதிவார். புளியரை எஸ் வளைவு தாண்டினதும் சிக்னல் வரும், போகும். இங்கே கோடை எவ்வளவு செதுக்கினாலும் வேகம் வராது, காத்திருப்பதைத்தான் ஒழிக்க வேண்டும்.

பதிவு முதலில் போனிலேயே சேமிக்கப்பட வேண்டும், 'சேமித்தாச்சு' என்று உடனே காட்ட வேண்டும். அனுப்புவது பின்னணியில், வரிசையில், சிக்னல் கிடைத்தபோது நடக்கட்டும். இதற்கு ஒவ்வொரு பதிவுக்கும் எண் போனிலேயே உருவாக வேண்டும். சர்வர் தரும் 1, 2, 3 இங்கே உதவாது. யுயுஐடி (எங்கே உருவாக்கினாலும் மோதாத நீண்ட எண்) எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கத் தற்செயலான நான்காம் வகை இண்டெக்ஸில் அங்குமிங்கும் சிதறி எழுதும். 2024-ல் தரநிலையான ஏழாம் வகை நேர வரிசையில் வளரும், புதிய வரிகள் இண்டெக்ஸின் கடைசியிலேயே சேரும். வசதியில் இரண்டும் ஒன்று, ஆகவே ஏழாம் வகை.

அரைகுறைச் சிக்னலில் ஒரே பதிவு இரண்டு தடவை வந்து சேரும். அனுப்பியது போய்விட்டது, பதில்தான் வரவில்லை, போன் மறுபடி அனுப்புகிறது. அந்த எண் ஏற்கெனவே இருந்தால் சர்வர் சத்தமில்லாமல் 'சரி' சொல்ல வேண்டும். இதை எழுதாமல் விட்டால் புனலூர் வியாபாரிக்கு ஒரே குறைவு இரண்டு தடவை கழியும். வசூலுக்குப் போகும் கணக்குப்பிள்ளையின் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போகாது, "சேட்டா, கணக்கு தப்பு" என்று சண்டைதான் வரும்.

10. எங்கே நிறுத்துவது

இரண்டாம் படியில் எழுதிய எண்ணைத் தொட்டதும் நிறுத்துங்கள். பில் 0.7 நொடியில் வருகிறதென்றால் 0.3 ஆக்க வேண்டாம். பிரிண்டர் காகிதம் தள்ளும் நேரத்தில் அந்த வித்தியாசம் மறைந்துபோகும். வருஷ ரிப்போர்ட் எட்டு நொடி எடுத்தால் எடுக்கட்டும், ஓட விட்டுவிட்டு அண்ணாச்சி டீ சொல்லுவார்.

தொட்ட எண்களை டெஸ்ட்டாக எழுதி வையுங்கள். நிஜ அளவுத் தரவில் பில் சேமிப்பு 1 நொடியைத் தாண்டினால் டெஸ்ட் தோற்க வேண்டும். நேரத்தை அளக்கும் டெஸ்ட் மெஷினுக்கு மெஷின் ஆடும் என்பதால் கூடவே கியூரி எண்ணிக்கையையும் சோதியுங்கள். ஒரு பில்லுக்கு இத்தனை கியூரிக்கு மேல் ஓடக் கூடாது என்ற சோதனை எந்த மெஷினிலும் ஒரே விடை தரும், ஜாங்கோவின் டெஸ்ட் வசதியிலேயே அது இருக்கிறது. புதுசாக யாரோ ஒரு வரி சேர்த்து அது 15 கியூரியாகப் பெருகினால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அதோடு கல்லா கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பில்லும் எடுத்த நேரத்தை ஒரு கோப்பில் எழுத விடுங்கள். ஆடி முடியும்போது அதை ஒரு தடவை திறந்து, போன ஆவணியின் மோசமான பத்து பில்களைப் பாருங்கள். அவை எல்லாம் ஒரே வியாபாரியுடையவை என்றால் அவர் பேரேட்டில் ஏதோ இருக்கிறது. எல்லாம் அதிகாலையில் வந்தவை என்றால் ஆன்டிவைரஸ் எப்போது ஓடுகிறது என்று கேளுங்கள். எல்லாம் 40 வரிக்கு மேற்பட்ட பில்கள் என்றால் மட்டும் கோடைத் திறங்கள்.